இது ஐரனி இல்லை

சொற்கள்தான் நாகரிகத்தின் செங்கற்கள். ஒரு சொல்லை ஒருவன் தவறாகக் கையாளும்போதெல்லாம் எங்கோ ஒரு கோபுரத்திலிருந்து ஒரு கல் உதிர்கிறது. போதுமான கற்கள் உதிர்ந்தபின் ரோமாபுரிக்கு என்ன ஆனதோ அதுதான் நமக்கும். முப்பத்தொரு வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த கிளெமென்ட் ஹோல்ராய்டு இதை மனமார நம்பினார். அந்த வியாழக்கிழமை காலை அவர் வாசலில் அடுத்த கல் உதிர்ந்தபோது, அதைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு எட்னாவின் கைகளில் கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும் நிறைந்த ஒரு பாத்திரம் இருந்தது. மேலே அலுமினியத் தாள் போர்த்தி, ஓரங்களை நன்றாக அழுத்திவிட்டிருந்தாள். அவருடைய மனைவி மியூரியல் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"எனக்கு நம்பவே முடியலங்க கிளெம்," என்றாள் எட்னா. "இருவத்துநாலு வருஷம், எத்தனை பிள்ளைங்கள ரோடு தாண்ட வெச்சிருப்பா! கடைசில அவளையே ஒரு வண்டி... என்ன ஐரனி பாருங்க."

கிளெமென்ட் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். சூடாக இருந்தது.

"அது ஐரனி இல்ல, எட்னா."

"என்னது?"

"துரதிர்ஷ்டம்னு சொல்லுங்க. கொடுமைன்னு சொல்லுங்க. ஐரனி இல்ல."

எட்னா பாத்திரத்தை ஒருமுறை பார்த்தாள். திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. "அடுப்புல இருவது நிமிஷம் வெச்சாப் போதும்," என்று சொல்லிவிட்டு, வேலிப் படலைச் சாத்தாமலேயே போனாள்.

ஹெக்ஸ்லி என்ற அந்த ஆங்கிலேயச் சிற்றூரில் யாருக்கும் இது புதிதில்லை. கிளெமென்ட் வேலையில் இருந்த காலத்தில் அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டை தொங்கும். 'பல் டாக்டருக்குப் பல்வலி வந்தால் அதன் பெயர் பல்வலி' என்று முதல் வரி. 'ஐரனி மூன்று வகை. நீங்கள் எழுதியிருப்பது நான்காவது' என்று இரண்டாவது வரி. புதிதாகச் சேரும் நிருபர்கள் முதல் வாரம் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து சிரிக்க மாட்டார்கள். தற்செயல் என்று எழுத வேண்டிய இடத்திலும், ஐயோ பாவம் என்று எழுத வேண்டிய இடத்திலும், ஒன்றுமே எழுத வேண்டாத இடத்திலும் இந்த ஊர்க்காரர்கள் ஐரனி, அதாவது முரண்நகை, என்று எழுதினார்கள். ஓய்வு பெற்றபின் அதே போரை அவர் வாசகர் கடிதங்கள் மூலம் நடத்தினார். வாரம் ஒரு கடிதம். திங்கள் இரவு எழுதி, உறையிலிட்டு, நாக்கால் நனைத்து ஸ்டாம்பு ஒட்டி, செவ்வாய்க் காலை மியூரியலிடம் கொடுப்பார். போகிற வழியில் அவள் தபால் பெட்டியில் போட்டுவிடுவாள். மார்ச் மாதம் பத்திரிகைக்கு ஒரு இளைஞன் ஆசிரியராக வந்ததிலிருந்து ஒரு கடிதம்கூட அச்சாகவில்லை. பயந்துவிட்டான் என்று கிளெமென்ட் முடிவு கட்டியிருந்தார். அதை நான்கைந்து பேரிடம் சொல்லியும் இருந்தார்.

மியூரியல், பள்ளிக்கூடத்தின் முன் நடுச்சாலையில் நின்று வண்டிகளை நிறுத்துகிறவள். மஞ்சள் மேலங்கியும், உச்சியில் வட்டப் பலகை வைத்த நீளக் கம்புமாக, மழையென்றும் பனியென்றும் பாராமல் நின்றாள். அந்தக் கம்புக்கு ஊரில் லாலிபாப் என்று பெயர். அவள் கம்பைத் தூக்கினால் பால்வண்டியும் நிற்கும், பிணவண்டியும் நிற்கும். அவள் நின்ற இருபத்து நான்கு வருடத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. வீட்டுக்குள் அந்தக் கம்பு இல்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள்; எந்தச் சொல்லில் புருவம் உயர்கிறதோ அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வாள். கடைசிச் சில வருடங்களில் அவளுடைய வாக்கியங்கள் மிகவும் சுருங்கிப்போயின. அவளுடைய நடை மெருகேறி வருவதாகக் கிளெமென்ட் நினைத்தார்.

அவள் இறந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, சக்டன் ரொட்டிக்கடையின் பின்முற்றத்தில். கடையின் ரொட்டி வண்டி பின்னால் வந்தபோது கண்ணாடியில் அவள் தெரியவில்லை. ஓட்டியவன் டேரன் கிளெக், இருபத்தாறு வயது. அவனையும் அவள்தான் ஐந்து வயதில் கைபிடித்துச் சாலை தாண்ட வைத்திருந்தாள் என்பது அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஐரனி என்று சொல்ல ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. கசாப்புக் கடையில் சொன்னார்கள், தபால் நிலைய வரிசையில் சொன்னார்கள், சவப்பெட்டி அளவு கேட்க வந்தவன்கூடத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் சொன்னான். கிளெமென்ட் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். இந்த ஊரில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே எவன் வண்டி ஓட்டினாலும் அவன் மியூரியல் சாலை தாண்ட வைத்தவன்தான். வேறு எவன் இருக்கிறான் ஓட்டுவதற்கு? இது எண்ணிக்கை விஷயம். ஐரனி இல்லை.

விளக்கிக்கொண்டிருக்கும்வரை நன்றாக இருந்தது. விளக்க ஆளில்லாமல் வீட்டில் இருக்கும்போது, போலீஸ்காரர் கொடுத்துவிட்டுப் போன பழுப்பு உறை சமையலறை மேஜையில் கிடந்தது. அதற்குள் அவளுடைய கைப்பை, ஒரு பக்கம் சில்லு விட்ட மூக்குக்கண்ணாடி, தையல்காரர்கள் வைத்திருக்கும் துணி டேப் ஒன்று. டேப்பைக் கையில் பிடித்தபடி கிடந்தாள் என்று போலீஸ்காரர் சொன்னார். மியூரியல் தையலை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. தவிர, செவ்வாயும் வெள்ளியும் அவள் மருத்துவமனை நிதிக்காகப் பழைய துணி விற்கும் கடையில் தொண்டு செய்யப் போகிறவள். அந்தக் கடை ஊரின் மறுகோடியில். சக்டன் கடையில் அவர்கள் ரொட்டி வாங்குவதுகூட இல்லை. நான்கு வருடம் முன்பு அந்தக் கடை விளம்பரத்தில் 'ஐரனி என்னவென்றால், எங்கள் விலையும் குறைவு' என்று ஒரு வரி வந்தது. அன்றைக்கே கிளெமென்ட் அந்த ரொட்டியை வீட்டில் நுழைய விடாமல் நிறுத்தியிருந்தார். அப்படியிருக்க, செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு, கையில் டேப்போடு, அந்த முற்றத்தில் அவளுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி பகலில் ஒரு நிருபரின் கேள்விபோல இருந்தது. இருட்டியபின் அப்படி இல்லை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த ஒருத்தி இறந்த இடத்துக்குக் காரணம் தெரியாமல் அவளைப் புதைப்பது, தலைப்பில்லாமல் ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்புவதுபோல அவரைக் குடைந்தது.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் அங்கியோடு மியூரியலின் படம். கீழே இரண்டாவது பத்தியிலேயே அந்தச் சொல். கிளெமென்ட் அரை மணி நேரத்தில் பதில் எழுதினார். தபாலில் போட ஆளில்லை. அப்போதுதான் அது உறைத்தது. கோட்டை மாட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு அவரே நடந்தார். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மிஸ்டர் ஹோல்ராய்டு... ரொம்ப வருத்தமா இருக்கு சார். எங்க எல்லாருக்கும்."

அவர் உறையை நீட்டினார்.

"ஓ, லெட்டரா சார்? உங்ககிட்டேர்ந்து மாசக்கணக்கா ஒண்ணுமே வரலியேன்னு பேசிட்டேதான் இருந்தோம். உடம்புக்கு முடியலியோன்னு எடிட்டர்கூடக் கேட்டாரு."

கிளெமென்ட் அவளையே பார்த்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. கண்களில் அக்கறை மட்டும். வாரம் தவறாமல் வந்த கடிதங்களையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று இத்தனை சுத்தமாகச் சொல்ல முடியுமானால்! உண்மைக்கு நேர் எதிரானதை, பச்சைக் குழந்தை முகத்தோடு. முதல் வகை. அப்பழுக்கில்லாத முதல் வகை ஐரனி. வீடு திரும்பும்போது, அந்த வாரத்தில் முதல்முறையாக அவருக்கு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. இந்த ஊரில் ஒருத்தியாவது அதைச் சரியாகக் கையாளத் தெரிந்தவள் இருக்கிறாள்.

சனிக்கிழமை அபர்டீனிலிருந்து மகள் ஹெஸ்டர் வந்தாள். வடகடல் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கணக்கர். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வந்து, மறுநாளே ரயிலேறுகிறவள். அம்மாவின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, மடித்து, மறுபடி ஆணியிலேயே மாட்டினாள். பிறகு தேநீர் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் அம்மா எனக்கு வாரா வாரம் கார்டு போட்டாங்கப்பா. தெரியுமா உங்களுக்கு?"

"மியூரியலா? என்ன எழுதுவா?"

"எல்லாம். பாத்தது, கேட்டது, ரேடியோல வந்தது. சின்ன எழுத்துல ஓரம் வரைக்கும். ஸ்டாம்பு மட்டும் எப்பவும் கோணலா இருக்கும், பசை தடவி ஒட்டினது மாதிரி. நான் கிண்டல்கூடப் பண்ணேன், தபால் ஆபீஸ்ல கோந்து தீந்துபோச்சான்னு." சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

கிளெமென்ட் பழுப்பு உறையை அவள் பக்கம் தள்ளினார். "அங்க அவளுக்கு என்ன வேலை ஹெஸ்டர்? அந்தத் துணிக்கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மார்ச்சுக்கு அப்புறம் அவ வரவே இல்லேங்கறாங்க."

ஹெஸ்டர் டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள். சுற்றி முடித்து, பிரித்து, மறுபடியும் சுற்றினாள்.

"அடக்கம் முடியட்டும்பா."

"உனக்குத் தெரியுமா?"

"அடக்கம் முடியட்டும்னு சொன்னேன்."

புதன்கிழமை தேவாலயத்தில் இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மியூரியல் சாலை தாண்ட வைத்த இருபத்து நான்கு வருடமும் அங்கே வந்திருந்தது. வழுக்கை விழுந்தவர்களிலிருந்து பால்பல் விழுந்தவர்கள்வரை. டேரன் கிளெக் உள்ளே வரவில்லை. மயானச் சுவருக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றான். பாதிரியார் லைட்ஃபுட் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். "கர்த்தருடைய வழிகளில், அன்பானவர்களே, சில சமயம் ஒரு ஐரனி..." முதல் வரிசையில் கிளெமென்டின் புருவம் உயர்ந்தது. ஹெஸ்டர் அவர் முழங்கை மேல் கையை வைத்து அழுத்தினாள். அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு பக்கத்து மண்டபத்தில் தேநீர். நீள மேஜைகளில் பன்றியிறைச்சி சாண்ட்விச், பழ கேக், பெரிய அலுமினியத் தேநீர்க் கெண்டிகள். ரொட்டிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் சக்டன் என்று அச்சடித்திருந்தது. கெண்டியைப் பிடித்திருந்தவளே டோரீன் சக்டன்தான். அகலமான, மாவு நிறத்துப் பெண்பிள்ளை, கண்கள் சிவந்திருந்தன. ஊர் வழக்கப்படி இந்த நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் எழுந்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, இறந்தவரைப் பற்றி ஒரு வேடிக்கையான சம்பவம் சொல்லி உட்கார வேண்டும். கிளெமென்ட் எழுந்தார். ஒரு கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. ஒரு வாரமா ஒரே ஒரு வார்த்தையைத்தான் கேட்டுட்டிருக்கேன். மியூரியல் ஞாபகமா அதை ஒரு தடவை சரி பண்ணிடலாம்னு நெனைக்கிறேன்."

"அப்பா," என்றாள் ஹெஸ்டர்.

"ஐரனி மூணு வகை. ஒண்ணு, சொல்றது ஒண்ணு, அர்த்தம் அதுக்கு நேர் எதிர். ரெண்டாவது, ஒண்ணைத் தவிர்க்க ஒருத்தன் என்ன பண்றானோ அதனாலயே அது வந்து சேர்றது. மூணாவதுதான் உசத்தி. நாடகத்துல வரும். மேடையில ஒருத்தன் நிக்கறான். அவனுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஆனா கீழ உக்காந்திருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். அவன் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கான். அவன் பேசப்பேச, கேக்கறவங்களுக்கு உள்ள என்னவோ பண்ணும். எழுந்து சொல்லிடலாமான்னு தோணும். ஆனா சொல்ல முடியாது."

மண்டபத்தில் சாண்ட்விச் மெல்லும் சத்தமும் நின்றுபோனது. ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எட்னா தன் தட்டிலிருந்த கேக்கைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பாதிரியார் கூரையில் மழை ஒழுகும் இடத்தைக் கவனித்தார். முப்பத்தொரு வருடத்தில் இத்தனை பேர் இத்தனை கவனமாகத் தன்னைக் கேட்டதில்லை என்று கிளெமென்டுக்குத் தோன்றியது.

"மியூரியல் விஷயத்துல இது மூணுமே கிடையாது," என்றார். "அவளுக்கு அந்த முற்றத்துல ஒரு வேலையும் இல்ல. ஏன் போனான்னு எனக்குத் தெரியாது. இங்க யாருக்காவது தெரியுமா?"

இருநூறு பேர் தரையைப் பார்த்தார்கள்.

"தெரியாது. பாத்தீங்களா? அப்ப அது வெறும் தற்செயல். அவ்வளவுதான்."

அவர் உட்கார்ந்தார். எங்கோ பின்னால் ஒரு குழந்தை, "மிஸஸ் ஹோல்ராய்டு அங்கதானம்மா மாடில..." என்று ஆரம்பித்தது, அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

டோரீன் சக்டன் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு மேஜையைச் சுற்றி வந்தாள். நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"போதும் ஹெஸ்டர். நீ சொல்ல மாட்டே, நான் சொல்லிடறேன். எனக்கு இவருகிட்ட இழக்கறதுக்கு ஒண்ணுமில்ல, எங்க ரொட்டியையே இவரு தின்னறதில்ல." ஏப்ரன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. மார்ச்சுலேர்ந்து உங்க வீட்டம்மா எடுத்திருந்தாங்க. செவ்வாயும் வெள்ளியும் வருவாங்க."

கிளெமென்ட் சாவியைப் பார்த்தார். கேட்க வேண்டியதை அவர் குரல் கேட்டது. "யாரு அது?"

"யாரு எது?"

"ஆம்பளை."

டோரீன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்பட நினைத்து, முடியாமல் விட்டதுபோல இருந்தது. "ஆம்பளையா! ஒரு ரேடியோ இருக்கு. ஒரு கெட்டில் இருக்கு. அவங்க பாட்டுக்கு ரேடியோகாரனோட பேசிட்டிருப்பாங்க, கீழ அடுப்படி வரைக்கும் கேக்கும். என்னமா பேசுவாங்க தெரியுமா? எங்க பொண்ணுங்கள்லாம் வேலையை விட்டுட்டுக் கேட்டுட்டு நிக்கும்."

"வீட்டுல பேசலாமே," என்றார் கிளெமென்ட்.

டோரீன் ஹெஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா," ஹெஸ்டர் குனிந்து மெதுவாகப் பேசினாள். "அவங்க அங்க குடிபோறதா இருந்தாங்க. கட்டிலுக்குச் சொல்லியிருந்தாங்க. மாடிப்படி திரும்பற இடத்துல நுழையுமான்னு சந்தேகம். அன்னிக்கு அதை அளக்கத்தான் போனாங்க." நிறுத்தினாள். "கிறிஸ்துமஸுக்கு நான் வந்ததும் உங்ககிட்டச் சொல்றதா இருந்துச்சு. நான் பக்கத்துல இருக்கணும்னு கேட்டாங்க. இல்லேன்னா வாக்கியத்தை முடிக்க முடியாதுன்னு எழுதியிருந்தாங்க."

கிளெமென்ட் ஒரு சாண்ட்விச்சை எடுத்தார். கடிக்காமல் திரும்ப வைத்தார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டபோது மண்டபமே அவருக்கு வழிவிட்டது. சாலையில் வண்டிகள் வந்தபடி இருந்தன; ஹெஸ்டர்தான் அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் அழைத்துப்போனாள்.

பின்முற்றத்தில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஹெஸ்டர் படியடியில் நின்றுகொண்டாள். மாடிப்படி பாதியில் வலப்புறமாகத் திரும்பியது. சுவரில் பென்சிலால் ஒரு சிறு கோடு இருந்தது. கிளெமென்ட் அதை விரலால் தொடாமல் ஏறினார்.

அறை சின்னது. கீழிருந்து ரொட்டிச் சூடு ஏறிவந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி, ரேடியோ, மூக்கில் சுண்ணாம்பு படிந்த கெட்டில். சுவரை ஒட்டி ஒற்றைக் கட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். போன வெள்ளிக்கிழமை கடைக்காரர்கள் சொன்ன தேதிக்குச் சரியாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. படி திரும்புமிடத்தில் அது நுழைந்திருக்கிறது. அவர் கட்டிலில் உட்காரப் போனார். பிளாஸ்டிக் சத்தம் போட்டது. எழுந்து நாற்காலிக்கு மாறினார்.

சாவு நேர்ந்த இடத்துக்கு இப்போது காரணம் இருந்தது. இரண்டாவது வகையா இது, மூன்றாவது வகையா என்று மனம் பழக்கத்தில் புரட்டப் பார்த்தது. ஊரில் இருநூறு பேருக்குத் தெரியும் என்பதை அது தானாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. பிறகு அவர் தான் கரண்டியால் கோப்பையைத் தட்டியதை நினைத்தார். முழங்கையை மேஜையில் ஊன்றி முகத்தைக் கையில் ஏந்தினார். மேஜை ஆடவில்லை. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தும் ஆடவில்லை. குனிந்து பார்த்தார். ஒரு காலுக்கடியில் இரண்டாக மடித்த ஒரு உறை செருகியிருந்தது. அதன் மேலிருந்த கையெழுத்து அவருடையது. பத்திரிகை ஆசிரியருக்கு.

மற்றவை ரேடியோவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன, தேதி வாரியாக அடுக்கி. மார்ச் முதல் வாரத்திலிருந்து. வரவேற்பில் இருந்த பெண்ணின் முகம் அவருக்கு நினைவு வந்தது. எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார். காலுக்கடியில் இருந்ததையும் சேர்த்து இருபத்தெட்டு. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவள் ஒன்றைக்கூடப் பிரித்துப் படித்திருக்கவில்லை. ஒவ்வொரு உறையின் வலது மூலையிலும் கெட்டில் ஆவி பட்டுச் சுருங்கிய ஒரு சின்னச் சதுரம் இருந்தது. ஸ்டாம்பு எதிலும் இல்லை.